ஓட்டம், கொள்ளு, தேங்காய் பன்

ரொட்டி மாவைப் பிசைந்து மூடி வைத்த பிறகு வீட்டில் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. மாவு உப்புவதற்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்தாலும் அவ்வளவு நேரம்தான். ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போனாலும் அவ்வளவு நேரம்தான். அப்படியென்றால் ஓடப் போவதுதானே நியாயம்? உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்பவர்களும், வீட்டில் பன் செய்ய நேரமில்லை என்பவர்களும் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். இரண்டுக்கும் வேண்டியது ஒரே ஒன்றேகால் மணி நேரம். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கோத்துவிட்டால் அந்தச் சாயங்காலம் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது தெரியுமா! அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நிறையப் புகழ்வேன். புகழத் தகுந்த விஷயம்.

எங்கள் வீடு கோயமுத்தூரில். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன். வீட்டில் நான்கு பேர்: நான், என் கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், என் மாமியார். சைவ வீடு, முட்டையும் உள்ளே வராது. நான் சொல்லப்போவது விருந்தாளி வராத, பண்டிகை இல்லாத, வெறும் செவ்வாய்க்கிழமைச் சமையல். ராத்திரிக்குச் சூடான சோறு, கொள்ளுக் கடைசல், கொள்ளு ரசம், அரசாணிக்காய் பொரியல். அதற்கு மேல் ஒரு பெரிய தேங்காய் பன். இவ்வளவுதான். இந்த இவ்வளவுதான் எனக்கு உலகம்.

நாலரைக்கு வீடு வந்ததும் முதல் வேலை மாவு. கோதுமை மாவு 200 கிராம், மைதா 100 கிராம். முழுக்கக் கோதுமையிலேயே செய்யலாம், ருசி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தவிட்டுத் துகள்கள் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். பன் அடர்த்தியாக வந்துவிடும். அந்த நூறு கிராம் மைதா சேர்ந்தால் மெத்தென்று வருகிறது. வெதுவெதுப்பான பால் 200 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் கலந்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மாவு பாலைக் குடித்து, பிசைவதற்கு முன்பே பாதி வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். அதன் பிறகு 30 கிராம் வெண்ணெய் சேர்த்துப் பிசைய வேண்டும்.

எங்கள் வீட்டு டேபிள் டாப் கிரைண்டரோடு மாவு பிசையும் கருவியும் வந்தது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. எந்திரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என்றாலும் இந்த மாவைக் கையால்தான் பிசைவேன். ஆரம்பத்தில் விரலெல்லாம் ஒட்டும். அள்ளி, மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மறுபடி மடித்து... பத்து நிமிடம் கழித்து எங்கிருந்தோ ஒரு பளபளப்பு வரும். மாவு கையை விட்டுவிட்டுத் தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு துண்டைக் கிள்ளி நாலு பக்கமும் மெதுவாக இழுத்தால், கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிந்து ஜன்னல் வெளிச்சத்தை அந்தப் பக்கமிருந்து காட்டும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கைதட்டத் தோன்றும். தண்ணீர் பட்டதும் இரண்டு புரதங்கள் சேர்ந்து வலையாகப் பின்னிக்கொள்வதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கையில் உணர்வது வேறு.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் உருட்டி வைத்து, ஈரத் துணியால் மூடி, சமையல் மேடை மூலையில் விட்டுவிட்டுக் கிளம்புவேன்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஈஸ்டுக்கு இதமான வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை. மேற்குத் தொடர்ச்சி மலை நீளத்துக்கும் சுவராக நின்றுகொண்டிருக்க, பாலக்காட்டுப் பக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாகக் காற்று வருகிறது பாருங்கள், அது தனிச் சுகம்! வெயிலின் சூட்டை வழித்துக்கொண்டு போய்விடும். அப்போதெல்லாம் எங்கள் சமையலறை ஈஸ்டுக்கென்றே அளந்து வைத்த சூட்டில் இருக்கும். மாவு அவசரப்படாது, தூங்கவும் தூங்காது. நிதானமாக உப்பும். நிதானமாக உப்பிய மாவில்தான் வாசனை தங்கும்.

அதே காற்றில்தான் நானும் ஓடுகிறேன். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று சுற்றினால் ஐந்து. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம், பெயரும் அதனால் வந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பாதையைப் புதுப்பித்த பிறகு சாயங்காலக் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. அந்தக் கூட்டத்தை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று சொல்லி முடியாது. சேலையோடு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போகும் பெரியவர்கள், காதில் பாட்டோடு என்னைத் தாண்டி ஓடும் கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அப்பாக்கள். பெயர் தெரியாது, முகம் தெரியும். "என்னங்க டீச்சர், இன்னைக்கும் ரெண்டு ரவுண்டுங்களா?" என்று ஒருவர் கேட்பார். "ஆமாங்க, வீட்டுல மாவு வெச்சுட்டு வந்திருக்கேன்" என்பேன். "அப்ப மெதுவாவே ஓடுங்க, மாவு எங்கயும் போவாது" என்பார். எத்தனை இதமான பதில்!

இந்த ஊரில் ஓட்டத்தின் மேல் ஒரு பொதுப் பிரியம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய கோவை மாரத்தான் புற்றுநோய்ப் பணிக்காகவே நடக்கிறது. அதற்குத் தயாராகிறவர்களும் இதே பாதையில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். நான் மாரத்தான்காரி இல்லை, ஐந்து கிலோமீட்டர்க்காரி. முதல் அரைச் சுற்று உடம்பு கேள்வி கேட்கும். அப்புறம் மூச்சும் காலும் ஒரு தாளத்தில் விழுந்துவிடும். பள்ளிக்கூடத்துச் சத்தம், திருத்தாத விடைத்தாள், நாளைக்கு எடுக்க வேண்டிய பாடம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பாதையோரம் இறங்கிக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் மனசில் இருப்பது இரண்டே விஷயம்: எதிர்க்காற்று, தேங்காய்.

ஆமாம், தேங்காய். ஓடும்போதே யோசித்துக்கொண்டிருப்பேன். ஏலக்காய் எவ்வளவு போடலாம், முந்திரியை நெய்யில் வறுத்துச் சேர்க்கலாமா என்று. இப்படி ஆசையோடு வீடு திரும்ப வைக்கும் சமையல் வேறு ஏதாவது உண்டா?

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் சொம்போடு நிற்பார். "வேர்வை காயட்டும் கண்ணு. மொதல்ல இந்த மோரக் குடி." கொத்தமல்லித்தழை, இஞ்சி, பெருங்காயம், உப்பு போட்ட நீர்மோர். உடம்பு இழந்தது தண்ணீரும் உப்பும். அவர் கொடுப்பதும் தண்ணீரும் உப்பும். கடையில் வண்ண வண்ணமாக விற்கும் விளையாட்டு வீரர் பானங்கள் சொல்கிற வேலையை அந்தச் சொம்பு அமைதியாகச் செய்துவிடுகிறது. எங்கள் அத்தை எந்தப் புத்தகத்தையும் பார்த்து இதைச் செய்யவில்லை. வயலிலிருந்து வந்தவர்களுக்கு அவருடைய அம்மா கொடுத்ததை இவர் எனக்குக் கொடுக்கிறார்.

பிறகு அந்த நிமிடம். ஈரத் துணியைத் தூக்குவது. போகும்போது பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்திருந்த உருண்டை, இப்போது விளிம்புக்கு வந்து துணியை முட்டிக்கொண்டிருக்கும். விரலால் ஒரு குழி அழுத்தினால் அவசரமில்லாமல் பாதி மட்டும் திரும்பி வரும். கை வைத்து அமுக்கினால் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. லேசான புளிப்பும் இனிப்புமாக ஒரு மணம் மூக்கில் ஏறும். நான் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க இதுவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விட்டது. நானும் என் தசையில் இருந்த சர்க்கரையை எரித்துக் கரியமில வாயுவை விட்டேன். இரண்டு பேரும் ஒரே வேலைதான் பார்த்திருக்கிறோம்.

தேங்காய் பன்னைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கோவையில் "பேக்கரிக்குப் போலாமா?" என்றால் டீ குடிக்கப் போலாமா என்று அர்த்தம். தெருவுக்குத் தெரு பேக்கரி, ஒவ்வொன்றிலும் டீ, கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன். வட்டமாக, பெரிதாக, இரண்டு அடுக்கு மாவுக்கு நடுவே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும் நிறைந்து, முக்கோணத் துண்டுகளாக வெட்டி விற்பார்கள். இந்த ஊரில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் அந்தச் சிவப்பு, பச்சைத் துணுக்குகள் ஞாபகம் இருக்கும். பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிச் செய்வதுதான் டூட்டி ஃப்ரூட்டி. வீட்டில் செய்யும்போது நான் அதைக் குறைத்துக்கொண்டு திராட்சையைக் கூட்டிக்கொள்கிறேன். முழுக்க விட்டுவிட மனசு வராது.

பொள்ளாச்சித் தேங்காய் ஒரு மூடி, இளசாகவும் இல்லாமல் கொப்பரைக்கும் போகாமல் நடுப் பக்குவத்தில். மாமியார் அரிவாள்மனைத் திருகியில் துருவித் தருவார். வெள்ளைப் பகுதி மட்டும், ஓட்டுப் பக்கம் போகாமல். அதில் நாட்டுச்சர்க்கரை ஐந்து ஸ்பூன், தட்டிய ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை. நாட்டுச்சர்க்கரையின் அந்தக் கரும்புச் சாற்று வாசம் தேங்காயோடு சேரும்போது, வெள்ளைச் சர்க்கரை போட்ட கடைப் பன் கிட்டேகூட வராது. என் ஊர் பேக்கரிகளின் மேல் எனக்குள்ள அத்தனை அன்போடும் இதைச் சொல்கிறேன்.

மாவை இரண்டாகப் பிரித்து இரண்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். தட்டில் ஒரு வட்டம், அதன் மேல் ஓரம் விட்டுப் பூரணம், மேலே இன்னொரு வட்டம். ஓரத்தை ஈர விரலால் அழுத்தி, சோமாசிக்கு மடிப்பதைப் போல் மடித்து மூட வேண்டும். மேலே கத்தியால் நாலைந்து கீறல். ஆவி வெளியேற வழி வேண்டுமல்லவா. மறுபடி மூடி நாற்பது நிமிடம். இந்த நாற்பது நிமிடத்தில்தான் குளியலும் சமையலும்.

கொள்ளைக் காலையிலேயே ஊறப் போட்டிருப்பேன். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். குக்கரில் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஏழு விசில். எங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, அது பெரிய கொடுப்பினை. உப்புத் தண்ணீரில் பயறு வேகாது என்பதை ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் எந்த வீட்டிலும் சொல்வார்கள். காரணமும் இருக்கிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் தோலில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். காட்டிலிருந்து வரும் சிறுவாணியில் அந்தத் தொல்லை கிடையாது. கொள்ளு விரலில் மசிய வேகும். வெந்த தண்ணீரும் செம்மண் நிறத்தில் கெட்டியாக இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ரசத்துக்கு அதுதான் உயிர்.

கடைசலுக்கு இருப்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கொத்தமல்லி விதை, சீரகம், வரமிளகாய், ஏழெட்டுப் பல் பூண்டு, கைநிறையச் சின்ன வெங்காயம், கடைசியில் ஒரு தக்காளி என்று வரிசையாக வதக்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய வெங்காயம் போட்டுச் செய்த கொள்ளுக் கடைசலை நான் கடைசல் கணக்கில் சேர்ப்பதில்லை. வதக்கியது ஆறியதும் வெந்த கொள்ளோடு சேர்த்து ஆட்டாங்கல்லில் ஒன்றிரண்டாக ஓட்டி எடுத்தால் தனி ருசி. செவ்வாய்க்கிழமை அவசரத்தில் மிக்ஸியில் விட்டு விட்டு நாலு சுற்று. மையாக அரைபட்டுவிடக் கூடாது. பல்லுக்கு அங்கங்கே கொள்ளு அகப்பட வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் தெருமுனை வரை மணக்கும்.

ரசம் இன்னும் சுலபம். வடித்த கொள்ளுத்தண்ணீரில் புளிக்கரைசல், நசுக்கிய தக்காளி, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்துத் தட்டிய பொடி. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. மேலே கொத்தமல்லித்தழை. அரசாணிக்காயை வெளியூரில் பரங்கிக்காய், பூசணிக்காய் என்பார்கள். காலையில் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் வாங்கிய கீற்று. தோலோடு வெட்டி, வரமிளகாய் தாளித்து, மூடிவைத்தால் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். பன்னுக்குத் துருவியதில் ஒதுக்கி வைத்த ஒரு கைப்பிடித் தேங்காய் இதற்கு. முடிந்தது.

இந்தச் சமையல் நேரத்தில் எனக்குப் பசிக்காது என்பது இன்னொரு அழகான விஷயம். கடுமையாக ஓடிய உடனே பசி சற்று அடங்கியிருக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வேகமான உடற்பயிற்சி அதைக் கொஞ்ச நேரம் தணித்து வைக்கிறது. அதனால் அடுப்படியில் நிற்கும்போது அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றாது. மூக்கும் கையும் மட்டும் விழித்திருக்கும். ருசி பார்க்கும் நாக்கு அன்றைக்குத்தான் மிகத் தெளிவாக இருக்கும். பிறகு, ஒரு மணி நேரம் போல் கழித்து, எல்லாம் தயாராகும் வேளையில் பசி வந்து நிற்கும். சாதாரணப் பசி இல்லை, உடம்பு முழுவதிலிருந்தும் எழும் பசி. இப்படி நேரம் பார்த்து வரும் பசியை வேறு எந்த வழியிலும் வரவழைக்க முடியாது.

ஏழரைக்கு ஓவனைச் சூடேற்ற ஆரம்பிப்பேன், 180 டிகிரி. பன்னின் மேல் முட்டைக்குப் பதிலாகப் பால் தடவுவேன். சைவ பேக்கிங்கில் பளபளப்பு வராது என்பவர்களை ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையும் பால் புரதமும் சூட்டில் சேர்ந்து செந்நிறத்தைக் கொடுக்கும். நிறத்தோடு மணத்தையும் கொடுக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-ல் விவரித்த வினை இது. தோசை ஓரம் முறுகுவதும், காபிக்கொட்டை வறுபடுவதும் இதே வினையால்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் ஆசிரியையாக இருக்கிறேன்.

ஓவனுக்குள் போன முதல் பத்து நிமிடம் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுவிடுவேன். ஈஸ்ட் அதுவரை இல்லாத வேகத்தில் கடைசியாக ஒரு மூச்சு விட்டு மாவைத் தூக்கும். உள்ளே 60 டிகிரியைத் தொடும்போது அதன் வேலை முடியும். கண்ணெதிரே பன் எழுந்து நிற்கும். என் மகளும் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பாள். இரண்டு பேரும் பேச மாட்டோம். பிறகு மணம் வரும். முதலில் வெண்ணெய், அடுத்து ரொட்டி, கடைசியாகத் தேங்காயும் நாட்டுச்சர்க்கரையும் உருகும் மணம். அதே நேரத்தில் இந்தப் பக்கம் ரசத்தின் மிளகு வாசனை. இந்த இரண்டும் ஒரே அடுப்படியில் கலக்கும் அந்த ஐந்து நிமிடத்தை எந்த ஓட்டலும் எனக்குக் கொடுத்ததில்லை.

அரை மணியில் பன் வெளியே வரும். கம்பி வலையில் வைத்து ஆறவிட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவோம். "பன்னு எப்பங்கம்மா வெட்டுவீங்க?" என்பாள் மகள். சோறு முடியட்டும் என்பேன். பாகு கொதிநிலையில் இருக்கும், நாக்கைச் சுட்டுவிடும். ஆறினால்தான் உள்ளே மாவும் படியும்.

முதலில் ஒரு டம்ளர் ரசம், குடிப்பதற்கு. ஓடி வந்த உடம்புக்குள் அந்தச் சூடும் காரமும் இறங்குவதை வயிறு வரை கூடவே போய்ப் பார்க்கலாம். அப்புறம் ஆவி பறக்கும் சோற்றில் கொள்ளுக் கடைசல், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள அரசாணிக்காய். பிசைந்து முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது எனக்குக் கண் தானாக மூடும். மண்வாசம் உள்ள தானியம் அது. பூண்டும் மல்லியும் அதன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வரும். அரசாணிக்காயின் இனிப்பு காரத்தை அணைக்கும். என் கணவர் பேச்சே இல்லாமல் இரண்டாம் முறை தட்டை நீட்டுவார். குதிரைக்குப் போடுவது என்று சொல்லிச் சிலர் கொள்ளை ஒதுக்குகிறார்கள். குதிரை ஓடிய பாதையில் ஓடிவிட்டு வந்து குதிரைத் தீனியைச் சாப்பிடுவதில் எனக்குப் பெருமைதான்.

ஓடுகிறவர்களிடம், அதுவும் சைவக்காரர்களிடம், முதலில் வரும் கேள்வி புரதம். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது நாளுக்குச் சுமார் 46 கிராம். அரிசியில் லைசின் குறைவு, பயறில் நிறைய. பயறில் மெதியோனின் குறைவு, அரிசியில் உண்டு. சோற்றில் கடைசலைப் போட்டுப் பிசையும்போது இரண்டின் குறையும் ஒரே கவளத்தில் தீர்ந்துவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடல் எடையைக் கூட்டப் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. எங்கள் ஜிம் நண்பர்கள் டப்பா டப்பாவாக வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு, வீட்டில் கொள்ளு இருக்க, அதை எதற்குத் தேட வேண்டும்?

எட்டே முக்காலுக்குப் பன் வெட்டுவோம். கத்தி மேல்தோலில் இறங்கும்போது லேசாக ஒரு மொறுமொறுப்பு, பிறகு எதிர்ப்பே இல்லாத மென்மை. முக்கோணத் துண்டின் பக்கவாட்டில் வெள்ளையும் பழுப்புமாகத் தேங்காய் அடுக்கு. முதல் துண்டு மாமியாருக்கு. "கடைப் பன்னாட்டமே இருக்குது, ஆனா கடைல இந்த வாசம் வராது கண்ணு" என்பார். எனக்கு அந்தச் சான்றிதழ் போதும். மிச்சத்தில் இரண்டு துண்டு மகளின் மறுநாள் டிபன் பெட்டிக்கு. அவை வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

கணக்குப் பார்த்தால் நாலரைக்குத் தொடங்கி எட்டே முக்காலுக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், ஒரு குளியல், முழுச் சாப்பாடு, ஒரு பன். நான் அடுப்படியில் நின்ற நேரம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூட. மிச்சத்தை எல்லாம் ஈஸ்டும் குக்கரும் ஓவனும் பார்த்துக்கொண்டன. வேலைக்குப் போய் வருகிற வீட்டில் இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஓவன் இல்லையே என்று தயங்காதீர்கள். கனமான அலுமினியப் பாத்திரத்தில் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, தட்டோடு பன்னை இறக்கி மிதமான தீயில் நாற்பது நிமிடம் வைத்தாலும் நன்றாக வேகும். மேல் நிறம் மட்டும் சற்றுக் குறையும். ஓட ரேஸ்கோர்ஸ் இல்லாவிட்டால் மொட்டைமாடி இருக்கிறது, தெரு இருக்கிறது. வேகமாக நடந்தாலும் போதும். இன்று ராத்திரியே அலமாரியைத் திறந்து கொள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காலையில் ஊறப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.